பல்பு இணையம் தராது

தலைக்கு மேல் எரியும் எல்இடி பல்பே இனி இணையம் தரும், அதன் வேகம் வைஃபையைப் போல நூறு மடங்கு, கொஞ்ச காலத்தில் வைஃபை ரௌட்டரே வழக்கொழிந்துபோகும்: லை-ஃபை என்ற பேச்சு எழுந்தாலே இந்த மூன்றும் வரிசையாக வந்துவிழுகின்றன. அறிவியல் துணுக்குகள், யூடியூப் விளக்கங்கள், பொது அறிவுக் குறிப்புகள் எல்லாவற்றிலும் பத்தாண்டுக்கு மேலாக மாறாமல் நிற்கின்றன. மூன்றும் தவறு. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இவற்றை நம்பித் தங்கள் கடைசி ஆண்டு புராஜெக்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் சும்மா விட்டுவிட மனம் வரவில்லை.

2011-இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரால்ட் ஹாஸ் டெட் மேடையில் ஒரு மேசை விளக்கின் ஒளி வழியே காணொளி ஓட்டிக் காட்டினார். விளக்குக்குக் கீழே கையை நீட்டினார், படம் நின்றது. கையை எடுத்தார், ஓடியது. செய்முறையில் எந்தப் பொய்யும் இல்லை. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தின் மசாவோ நககாவா குழுவும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வெள்ளை எல்இடி வழியே தகவல் அனுப்புவதை ஆராய்ந்துவந்தது. ஆனால் அந்த மேடையில் நிரூபணமானது, விளக்கு நேராக ஒளி வீசும் இடத்துக்கு, பக்கத்திலிருந்து, ஒரே திசையில் தகவல் போகும் என்பது மட்டும்தான். வீடு முழுக்க இணையம் என்பது கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டது.

பல்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை உடைந்துவிடும். நம் வீட்டு வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடி. நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூசியிருப்பார்கள். இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சில்லு மின்னல் வேகத்தில் அணைந்து எரியும், பாஸ்பரால் அது முடியாது. சில்லு அணைந்த பிறகும் கண நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதனால் வெள்ளை ஒளியை அப்படியே எடுத்தால் சில மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம்தான் தேறும். ஒளியை வாங்கும் ஏற்பியின் முன் நீல வடிகட்டி வைத்து மஞ்சளைத் தள்ளினால் 20 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் போகலாம். வைஃபை 6 ஒரே சேனலுக்கு 160 மெகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்ளும். இதற்கு மேல், பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் மின்னோட்டம் ஆடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. தகவலைச் சுமக்க மின்னோட்டம் ஆட வேண்டும். மத்திய அரசின் உஜாலா எல்இடி பல்புத் திட்டத்தில் நாடு முழுக்கக் கொடுத்த 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகளில் ஒன்றைக்கூட அப்படியே இணையத்துக்குப் பயன்படுத்த முடியாது.

ஆய்வகங்களில் வந்த பெரிய எண்கள்? அவையும் உண்மைதான். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நொடிக்கு 224 ஜிகாபிட்டை எட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கற்றையை ஏற்பியை நோக்கித் திருப்பிச் செலுத்தி எட்டிய வேகம் அது. அந்த எண்ணை எடுத்து எல்இடி பல்பின் கணக்கில் எழுதுவதை மோசடி என்றே சொல்வேன்.

தூரம் இதைவிடப் பெரிய தடை. ரேடியோவில் தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் கிடைக்கும் ஆற்றல் நாலில் ஒன்றாகக் குறையும். ஒளி ஏற்பியில் விழும் ஒளியும் நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆனால் அங்கே மின்னோட்டமே ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் பிறப்பதால் மின்சமிக்ஞையின் ஆற்றல் பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. அதோடு ஜன்னல் வழியே வரும் வெயில் ஏற்பியில் இரைச்சலைக் கூட்டுகிறது. பகலில் விளக்கை அணைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக வைத்தும் அனுப்பலாம் என்கிறார்கள். அனுப்பலாம். மேலே சொன்ன அதே கணக்கின்படி வேகம் எவ்வளவு சரியும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இன்னொரு வாதம் கேட்பதற்கு அறிவியலாகவே இருக்கும்: ஒளியின் அலைவரிசை ரேடியோவைப் போலப் பத்தாயிரம் மடங்கு அகலமாம், அதனால் அத்தனை மடங்கு இடம் இருக்கிறதாம். எல்இடி தொடர்பில் ஒளியின் அலையை யாரும் தொடுவதில்லை. ஒளியைக் கூட்டிக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனை வேகமாகக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதே எல்லை. வானவில் எத்தனை அகலமாக இருந்தாலும் அந்த எல்லை நகராது.

செல்பேசியிலிருந்து மேலே கூரைக்கு எப்படி அனுப்புவது? முகத்துக்கு நேரே ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்க யாரும் பேசமாட்டார்கள். ஆகவே மேல்நோக்கிய வழிக்கு அகச்சிவப்பு வந்தது. பிறகு கீழ்நோக்கியும் அதுவே போதும் என்றாயிற்று. 2019-இல் சிக்னிஃபை நிறுவனம் கொண்டுவந்த ட்ரூலைஃபை என்ற லை-ஃபை கருவி விளக்கோடு பொருத்தப்படுவது, ஆனால் தகவல் போவது அகச்சிவப்பில். 2023-இல் வந்த 802.11பிபி என்ற உலகத் தரமும் 800 முதல் 1000 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பையே வகுத்திருக்கிறது. அந்த எண்ணைக் கவனியுங்கள்: 802.11 என்பது வைஃபையின் குடும்பப் பெயர். வைஃபையைப் புதைக்க வந்ததாகச் சொல்லப்பட்டது அதன் குடும்பத்திலேயே ஓர் உறுப்பினராகிவிட்டது. உச்ச வேகம் நொடிக்கு 9.6 ஜிகாபிட், வைஃபை 6-இன் உச்சமும் அதேதான், ஏனென்றால் அதன் சமிக்ஞை முறையையே இது கடன் வாங்கிக்கொள்கிறது. நூறு மடங்கு எங்கே போயிற்று?

2018 ஜனவரியில் நம் நாளிதழ்கள், மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழுள்ள எர்நெட், சென்னை ஐஐடியோடு சேர்ந்து எல்இடி பல்பு வழியே ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்கு நொடிக்கு 10 ஜிபி அனுப்பிப் பார்த்ததாக எழுதின. கூரை விளக்கின் ஒளி ஒரு கிலோமீட்டர் சுற்றிலும் போய்த் தகவலைச் சேர்க்க வழியே இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே குறிபார்த்துச் செலுத்தும் கூரிய கற்றைக்கு மட்டுமே அது கூடும். செய்தியைப் போட்டவர்களில் எத்தனை பேர் ‘இது எந்த பல்பு?’ என்று கேட்டார்கள்?

ஒளி சுவரைத் தாண்டாது, ஆகவே ஒட்டுக்கேட்கவே முடியாது என்பதும் அரைகுறை. கதவிடுக்கு, சாவித்துவாரம், ஓரளவு மறைத்த ஜன்னல் வழியே கசியும் ஒளியிலிருந்து தகவலை எடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2015-இலேயே காட்டிவிட்டார்கள்.

இதனால் ஒளி வழித் தொடர்பே வீண் என்று பொருளில்லை. ரேடியோ அலை எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சும் ராணுவ முகாமுக்கு ஒளி வழித் தொடர்பு நிச்சயம் தேவை. விளக்கையே பயன்படுத்திய வெற்றியும் ஒன்று உண்டு. பிரான்ஸின் லில் நகரில் கார்ஃபூர் பேரங்காடி 2015-இல் தன் எல்இடி விளக்குகள் ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணை மட்டும் ஒளியில் சொல்லும்படி வைத்தது. வாடிக்கையாளரின் செல்பேசி கேமரா அதைப் படித்து, அவர் எந்த அலமாரி அருகே நிற்கிறார் என்று கண்டுகொண்டது. செல்பேசி விளக்குக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பாஸ்பர் மெதுவாக இருந்தாலும் போதும். இந்த வேலைக்கு எல்இடி விளக்கு முழுத் தகுதி உள்ளது. எல்இடியையும், ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆரையும் வைத்து நாலு எழுத்து அனுப்பிவிட்டு அறிக்கையில் நூறு மடங்கு வேகம் என்று எழுதும் மாணவர்களை, அவர்களின் ஆசிரியர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புச் சிலைக் கூடத்துக்கு அழைத்துப் போகட்டும். ஒவ்வொரு சிலையின் மேலுள்ள விளக்கும், பார்வையற்ற ஒருவரின் செல்பேசிக்கு அந்தச் சிலை எது என்று சொல்லும்படி செய்ய என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று அங்கே நின்று கணக்குப் போடட்டும்.