கொத்து வாங்கிக் கொடுத்தால் வாப்பாவின் வேலை முடிந்ததா?



போன கிழமை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு வொய்ஸ் வந்தது. "இந்தக் காலத்துப் பொண்டுகளுக்கு ரவைக்கு ஒரு புட்டு அவிக்க ஏலா. மஃரிபுக்குப் பிறகு ஹோட்டலடியில போய்ப் பாருங்க, கொத்துக்கு எத்தின பேர் நிக்கிறாங்க" என்று ஒருவர் கதைத்திருந்தார். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஆசிரியர்கள். இந்தப் பதிவு அவர்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஹோட்டலடியில் நிற்பது யார்? மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது நாம்தானே. பொண்டுகளை எங்கே கண்டார் அவர்?

நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். பாடசாலை 1.30க்கு விடுகிறது. நான் 2 மணிக்கு வீட்டில். மனைவிக்கு அலுவலகம் 4.15க்கு முடிந்து, பஸ் பிடித்து வந்து சேர 5 மணி தாண்டும். வந்ததும் இரண்டரை வயது மகன் காலைக் கட்டிக்கொள்வான். அவனைக் கழற்றிவிட்டு, தேங்காய் திருவி, மா குழைத்து, புட்டு அவித்து, சொதி வைத்து, சம்பல் இடித்து முடிக்கும்போது இஷாவும் போய்விடும், பிள்ளையும் தூங்கிவிடும். நான்? பகல் சாப்பிட்டுப் படுத்து, அஸருக்கு எழும்பி, மைதானத்துக்குப் போய், மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிக்கு வெளியில் நின்று அரசியல் கதைத்து, வீட்டுக்கு வந்து "சாப்பாடு என்ன?" என்று கேட்ட ஆள். ஒன்றும் இல்லை என்றால் கொத்து வாங்கி வந்து, பெரிய உதவி செய்ததாக நினைத்த ஆள். இதை மறைக்க ஒன்றுமில்லை.

மாற்றியது கிளினிக் அட்டை. மகனின் நிறைக் கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்துக் கிடந்தது. மிட்வைஃப் மனைவியைப் பார்த்து, "ரவைக்குப் பிள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் வாசலில் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. மனைவி தலையைக் குனிந்து "பிஸ்கட்டும் பாலும்" என்றார். அது உண்மை. ஐந்து மணிக்குப் பசித்த பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்துச் சமாளிப்போம். எட்டரை மணிக்குக் கொத்து வரும்போது அவனுக்குப் பசியும் இருக்காது, கண்ணும் சொருகிவிடும். அதிலிருந்து உறைப்பில்லாத ரொட்டித் துண்டாகப் பொறுக்கி இரண்டு வாய் திணிப்போம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளுக்கு அதை விடக் குறைவு. கடைக் கொத்தின் உப்பையும் கறிக் குழம்பையும் தெரிந்துகொண்டே நாம் ஊட்டுகிறோம்.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. எனக்குச் சமைக்கத் தெரியாது, ரைஸ் குக்கரை அமத்தத் தெரியும். அது போதும்.

ஒரு சுண்டு அரிசி, அரைச் சுண்டு மைசூர்ப் பருப்பு, ஒரு கீற்று வட்டக்காய், ஒரு கரட், நாலு வெங்காயம், இரண்டு பல் உள்ளி, கொஞ்சம் மஞ்சள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நாலரைச் சுண்டு தண்ணீர். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், பருப்பு நுரைத்துப் பொங்கும் (முதல் நாள் மேசையெல்லாம் மஞ்சள்). வெந்ததும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, மகனுடையதை உப்புப் போடுவதற்கு முன் எடுத்து மசித்துவிடுவேன். மிச்சத்துக்கு உப்புப் போட்டு, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் நமக்கு. பக்கத்தில் கருவாட்டுப் பொரியலோ முட்டையோ. வெட்டும் வேலை பதினைந்து நிமிடம், மற்றதைக் குக்கர் பார்க்கும்.

இன்னொன்று இடியப்பம். அவிக்கத் தேவையில்லை. நமது தெருவிலேயே பின்னேரம் அவித்து விற்கும் தாய்மார் இருக்கிறார்கள், பலருடைய வீட்டுச் செலவே அதில்தான் போகிறது. இருபது இடியப்பம் வாங்கி, முட்டை, கரட், லீக்ஸ் வதக்கி அதற்குள் உதிர்த்துப் போட்டால் கொத்தும் ஆச்சு. ஹோட்டலில் ஒரு கோழிக் கொத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு டசின் முட்டையும் பருப்பும் வாங்கலாம்.

மீன் விசயம் பிள்ளையோடு கவனம். ஞாயிற்றுக்கிழமை சூரை மீனை மஞ்சளும் புளியும் போட்டு அவித்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். பாடக்குறிப்பு எழுதுகிற அதே ஞாயிறு. கலாசாலையில் ஒரு கிழமைக்கு முன்கூட்டியே திட்டமிடச் சொல்லித் தந்தார்கள், அது அடுப்படிக்கும் உதவும் என்று அப்போது தெரியவில்லை. பகல் சோறு மிஞ்சினால் மாலை வரை வெளியில் வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஆறியதும் பிரிட்ஜில் வையுங்கள், ஒருமுறை மட்டும் நன்றாகச் சூடாக்குங்கள்.

இப்போது எதிர்ப்புகளுக்கு வருவோம். நமது பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் இருக்கிற வழக்கம், அதனால் முதல் எதிர்ப்பு மாமியிடமிருந்து வந்தது. "மருமகன், நீங்க போங்க, நான் பாக்கிறன், ஆக்கள் கண்டா என்ன சொல்லுவாங்க?" என்றார். அவர் காலை 7 மணியிலிருந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர், அவருக்கு முழங்கால் வருத்தம். அவருடைய உழைப்பை நமது நாள் கணக்கில் நாம் ஒருநாளும் எழுதியதில்லை. ஒரு கிழமை சிணுங்கினார். இப்போது வட்டக்காயைத் தோல் சீவி வைத்துவிட்டு, மகன் கோப்பையை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

இரண்டாவது, "என்ன சேர், பொஞ்சாதி அடுப்படிக்கு அனுப்பிட்டாவா?" என்ற பகிடி. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவித்தது புகாரியில் இருக்கிறது. அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை என்பதும் நமக்குத் தெரிந்த ஹதீஸ்தான். பேரீச்சம்பழத்தின் நன்மை, கருஞ்சீரகத்தின் நன்மை என்று தினமும் பத்துப் பதிவு பகிர்கிறோம். இந்த இரண்டு ஸுன்னத்தையும் அந்தக் குழுமத்தில் பகிர்ந்த ஒருவரை நான் காணவில்லை.

மூன்றாவது, "புட்டு நமது பாரம்பரியம்" என்பது. புட்டுக்கு நான் எதிரி இல்லை. லீவு நாளில் உம்மா அவிக்கும் புட்டை மூன்று கோப்பை சாப்பிடுவேன். பாரம்பரியத்தில் அவ்வளவு பிரியம் என்றால், தேங்காய் திருவுவதற்கும் ஒரு பாரம்பரியம் உண்டாக்குவோமே.

கடலுக்குப் போகிறவர், இரவு வேலைக்காரர், கட்டாரில் நிற்கிறவர் கதை வேறு. அவர்களுடைய வீடுகளில் ஒரு தாய் தனியாகப் பிள்ளையைச் சமாளிக்கிறார். அந்தத் தாய் ஒரு சட்டியில் சோறும் பருப்பும் ஒன்றாக அவித்துக் கொடுத்தால், "சோம்பேறிச் சாப்பாடு" என்று பேர் வைக்க நமக்கு உரிமை கிடையாது. நான் கேட்பது 2 மணிக்கு வீட்டுக்கு வருகிறவர்களை.

மகனுடைய நிறைக் கோடு மறுபடி ஏறத் தொடங்கியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனால் அவன் இப்போது ஏழு மணிக்குப் பசியோடு எங்களோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், பிஸ்கட் டின்னைத் தேடுவதில்லை.

கொமண்டில் வந்து என்னைத் திட்டப் போகிறவர்கள், உங்கள் வீட்டில் பருப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மனைவியிடம் கேட்காமல். எனக்கு இப்போது வட்டக்காய் வெட்ட வேண்டும்.