சொன்மையும் பொருண்மையும்: சூழல் மாறிகளை முன்வைத்து

‘டைப்ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறோம், ஆகவே வகைப் பாதுகாப்பு உண்டு’ என்று ஆய்வுத் திட்டங்களில் சொல்லிக்கொள்கிறோம். இது பாதி உண்மை. டைப்ஸ்கிரிப்டின் வகைக்குறிப்புகள் கம்பைல் செய்யும்போதே நீங்கிவிடுகின்றன. சர்வர் இயங்கும்போது அவை காவலுக்கு நிற்பதில்லை. தரவுத்தள முகவரி, கடவுச்சொல், அனுமதிகள் ஆகியவற்றைத் தாங்கும் சூழல் மாறிகளோ இயங்கும் வேளையில்தான் வெளியிலிருந்து வருகின்றன. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் தோன்றியது முதல் அவை வெறும் எழுத்துச் சரங்களே. எண், மெய், பொய் என்ற வேறுபாடு அவற்றுக்கு இல்லை.

கள ஆய்வில் திரட்டிய பேச்சுப் பதிவுகளைக் காக்கும் சர்வர் ஒன்றில், பொதுமக்கள் பார்வைக்கான மாறிக்கு ‘ஃபால்ஸ்’ என்று எழுதிவைத்திருக்கிறோம் எனக் கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டில் வெற்றுச் சரம் நீங்கலாக எந்தச் சரமும் மெய்யாகவே கொள்ளப்படும். ‘திறவாதே’ என்ற எழுத்தே கதவைத் திறந்துவிடுகிறது. அடையாளம் வெளிவராது என்ற உறுதியை நம்பிப் பேசியவர்களின் குரல் எவரும் கேட்கக் கிடக்கிறது. பிழைச்செய்தி ஒன்றும் வராது.

சொல் தன்னையே சுட்டுவது வேறு, பொருளைச் சுட்டுவது வேறு என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்துக் காட்டியது. வகுப்பில் இதைப் போற்றும் நாம் நிரலில் ஏன் கைவிடுகிறோம்?

செய்ய வேண்டியது எளிது. சர்வர் தொடங்கும் இடத்திலேயே, ஒரே கோப்பில், எல்லா மாறிகளையும் சோட் போன்ற நூலகத்தால் சரிபார்க்க வேண்டும். வகையையும் அந்த வரையறையிலிருந்தே பெற வேண்டும். ஒன்று தவறினாலும் சர்வர் தொடங்க மறுக்க வேண்டும். கருவியைக் கண்மூடி நம்புவதும் கூடாது. சோடில் உள்ள பூலியன் கட்டாய மாற்றமும் ‘ஃபால்ஸ்’ என்ற சரத்தை மெய்யாக்கிவிடும். எண்ணுக்கான மாற்றம் வெற்றுச் சரத்தைப் பூச்சியமாக்கிவிடும். ஏற்கத்தக்க சொற்களையும் எண்ணின் எல்லையையும் நாமே வரையறுக்க வேண்டும்.

‘சிறிய திட்டத்துக்கு இவ்வளவு எதற்கு? சர்வர் நின்றுபோனால் என்ன செய்வது?’ என்பார்கள். நின்றுபோன சர்வரை உடனே யாரேனும் கவனிப்பார்கள். பிழையோடு ஓடும் சர்வரை மாதக்கணக்கில் எவரும் கவனியாமல் போகலாம். நமக்குத் தேவை முன்னதே.

நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் படிவம் அளிக்கிறோம். அப்படிவத்தின் வாக்கைக் காப்பவற்றுள் இந்தச் சில வரி நிரலும் ஒன்று. அதை எழுத நேரமில்லை என்பவர்கள் அந்த வாக்கை அளித்திருக்கவே கூடாது.