யார் கொடுத்த விடுதலை?

"லோவெல் ஆலை முதலாளிகள்தான் பண்ணை வீட்டுப் பெண்களுக்கு விடுதலை தந்தார்கள்" என்கிறார், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த அந்தப் பஞ்சாலைகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். கையில் சொந்தக் காசு வந்தது உண்மைதான். மிச்சக் கணக்கையும் பார்ப்போமே.

நாளுக்குச் சுமார் 13 மணி நேர வேலை. ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துவிடும் என்று கோடையிலும் சன்னல்களை அடைத்தே வைத்தார்கள். பஞ்சுத் தூசு நெஞ்சுக்குள் போனது. 1834இல் கூலியைக் குறைத்தார்கள். பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். 1836இல் அவர்கள் தங்கிய ஆலை விடுதிகளின் செலவு ஏறியது, மறுபடியும் வெளியேறினார்கள். அன்று தன் வேலை அறையில் மற்றவர்கள் தயங்கி நிற்க, முதல் ஆளாக நடந்தவள் 11 வயது ஹாரியட் ஹான்சன்.

1845இல் லோவெல் ஆலைத் தொழிலாளி சாரா பேக்லி, 10 மணி நேர வேலைநாள் கேட்டு மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். குழு கைவிரித்தது. விடுதலை தந்தார்களாம், கேட்ட மூன்று மணி நேரத்தைக்கூடத் தரவில்லையே!