ஒரு நாள் கலாசாரம்

அந்நிய தேசங்களுக்குக் கல்வி பயிலச் செல்லும் மாணாக்கர்களுக்கு, அத்தேசத்தின் கலாசாரத்தை அறிவிக்கும்பொருட்டு ஒரு நாளை ஒதுக்கிக் கொடுப்பது இக்காலத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றின் சம்பிரதாயமாகியிருக்கிறது. ஜப்பானில், விசேஷமாகக் கியோட்டோ நகரத்தில், இது சிரத்தையுடன் நடத்தப்படுகிறது. காலையில் மாணாக்கருக்குக் கிமோனோ உடுத்துகிறார்கள்; பிற்பகலில் தேநீர்ச் சடங்கில் உட்கார வைக்கிறார்கள்; மாலைக்குள் புகைப்படங்கள் ஊர் வந்து சேர்ந்துவிடுகின்றன. பிள்ளை ஜப்பானைக் கண்டுகொண்டான் என்று பெற்றோர் உற்றாரிடம் சொல்லி மகிழ்கிறார்கள். அவன் கண்டது எவ்வளவு என்பதே நமது கேள்வி.

தேநீர்ச் சடங்கென்பது தாகம் தீர்க்கும் காரியமன்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸென் நோ ரிக்யூ என்னும் பெரியார் வகுத்த முறையே இன்றளவும் அதற்கு ஆதாரம். விருந்தினர் தோட்டத்து வழியே சென்று, கல்தொட்டியில் கையும் வாயும் சுத்தி செய்துகொண்டு, சுமார் 66 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறு வாயிலின் வழியாகத் தவழ்ந்து நுழைய வேண்டும். போர்வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டே நுழைய வேண்டும். பிரபுவாயினும் வணிகனாயினும் அங்கே தலை குனிந்தே ஆகவேண்டும். ஜப்பான் முழுவதையும் தன் ஆணைக்குள் கொணர்ந்த ஹிதெயோஷிக்கே ரிக்யூ தேநீர் ஆசானாக விளங்கினார். அந்த ஹிதெயோஷியின் கட்டளையினாலேயே 1591-ல் அவர் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாள நேர்ந்தது. காரணம் யாதென்பதில் சரித்திரக்காரர் இன்றும் ஒருமுகப்படவில்லை. தேநீர் அத்தேசத்தில் எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

முறைப்படி நடக்கும் தேநீர் விருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடிப்பது. கரி அடுக்குதல், போஜனம், கெட்டித் தேநீர், இறுதியில் இலேசான தேநீர் என அதற்குப் படிகள் உண்டு. நமது மாணாக்கனுக்குக் கிட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் படி மாத்திரமே. அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் அதே கலையை ஆசானிடம் பயிலப் போகும் ஜப்பானியப் பெண்ணுக்கு முதல் நாளில் தேநீர் கலக்கும் பாக்கியம்கூட வாய்ப்பதில்லை. வணங்குவது எப்படி, பாய்மீது நடப்பது எப்படி, பட்டுத் துணியை மடிப்பது எப்படி என்பவையே அவளுக்கு ஆரம்பப் பாடங்கள். வருஷக்கணக்கில் பயின்றவர்களும் தங்களை மாணாக்கர் என்றே சொல்லிக்கொள்ளுகிறார்கள்.

அந்த ஒரு நாளை நாம் கண்டிக்கவில்லை. கால் மரத்துப்போக மண்டியிட்டு உட்கார்ந்து, கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்கலாகாதென்று அதைச் சிறிது திருப்பி அருந்தும் இளைஞனுக்கு ஏதோ ஒன்று நிச்சயமாகத் தட்டுப்படும். தட்டுப்பட்டதைக் கொண்டு அவன் என்ன செய்கிறான்? ஒரு சாரார் படமெடுத்ததோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் நம்மவர்க்கே உரிய ஒரு நோய்க்கு ஆளாகிறார்கள். “இதெல்லாம் ஸென் மதத்திலிருந்து வந்தது, ஸென்னின் மூலபுருஷர் போதிதர்மர், அவர் நம் காஞ்சிபுரத்தார், ஆகவே இது நம்முடையதே” என்று முடித்துவிடுகிறார்கள். போதிதர்மர் தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று கூறுவது மெய்தான். பாரசீகத்தார் என்று கூறும் குறிப்பும் அக்காலத்ததே. அவர் எவ்வூராராயினும், 1191-ல் சீனத்திலிருந்து திரும்பியபோது தேயிலை விதை கொணர்ந்ததாகச் சொல்லப்படும் எய்ஸாய் முதல் ரிக்யூ வரையில் உழைத்தவர்கள் ஜப்பானியர். விருந்துக்குப் போன வீட்டின் பத்திரத்தில் பாத்தியதை கோருவது சட்டத்துக்கும் அடாது, மரியாதைக்கும் அடாது.

ஒகாகுரா ககூஸோவின் நடத்தை இதற்கு நேர்மாறானது. 1902-ல் அவர் நம் தேசத்தில் பல மாதங்கள் தங்கி, விவேகாநந்தரோடும் தாகூர் குடும்பத்தாரோடும் பழகினார். பின்னர் 1906-ல் தேநீரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூலில், சாந்தமான கலைகளில் ஜப்பான் ஈடுபட்டிருந்தவரை அதை அநாகரிக நாடு என்றும், மஞ்சூரியாவில் மனிதரைக் கொன்று குவித்த பிறகு நாகரிக நாடு என்றும் மேனாட்டார் அழைத்ததை இடித்துக் காட்டினார். பிறர் தேசத்தில் அமர்ந்து பழகியவருக்கே தம் தேசத்தைப் பிறருக்கு எடுத்துரைக்கும் வலிமையும் வாய்த்தது போலும்.

இன்று ஜப்பானில் ஆங்கிலத்திலேயே பட்டம் பெறும் வகுப்புகள் அநேகம். நான்கு வருஷம் வாழ்ந்தும், அண்டை வீட்டுக் கிழவியோடு நான்கு வார்த்தை பேசத் தெரியாமல் ஒருவன் திரும்பி வந்துவிடலாம். அங்குச் செல்லும் நம் யுவர்கள் முதல் வருஷத்திலேயே பாஷையைக் கற்கத் தொடங்க வேண்டும். தேநீரோ, மலர் அலங்காரமோ, வில்வித்தையோ, ஏதேனும் ஒன்றை ஒரே ஆசானிடம் வாரம் ஒரு முறையேனும் பயிலவேண்டும். பல சர்வகலாசாலைகளில் இதற்கென்று மாணாக்கர் சங்கங்கள் இருக்கின்றன.

நமது பக்கத்திலும் குற்றம் உண்டு. உபகாரச் சம்பளம் பெற்று இங்கே வரும் ஆப்பிரிக்க, ஆசிய மாணாக்கர்களுக்குப் பொங்கலன்று வேஷ்டி கட்டி, உறியடிக்கச் செய்து, படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் விடுதியில் அவர்களை மறந்துவிடுகிறோம். அடுத்த பொங்கலுக்கு முன்பாக நமது கலாசாலைத் தலைவர்கள் அவர்களுக்கு ஒரு தமிழாசிரியரையும், வாரத்தில் ஒரு மாலைப்பொழுதையும், அவர்களைத் தம் வீட்டுப் பந்தியில் உட்கார வைக்கும் சில குடும்பங்களையும் ஏற்பாடு செய்வார்களா?