படலைக்கு வரும் நூலகம்



உங்கள் பிரதேச சபையின் பொது நூலகத்துக்கு ஏதாவது ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். காலையில் பத்திரிகைப் பகுதியில் ஓய்வுபெற்ற ஐயாமார் நாலைந்து பேர் இருப்பார்கள். பின்னேரத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதுப் பெண்களை அங்கு காண்பது அரிது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களைக் காண்பது அதனிலும் அரிது. அவர்களுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். கிராமங்களில் வேலை செய்யும் எனக்கு அந்தப் பதில் ஏற்புடையதாக இல்லை. கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டைக் கூட விரித்து வாசித்துவிட்டு வைக்கும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஏன் நூலகத்துக்குப் போவதில்லை என்று மாதர் சங்கக் கூட்டமொன்றில் கேட்டேன். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் தோட்டத்தில் கூலி வேலை என்றார் ஒருவர். போய்வரும் பஸ் காசுக்கு வீட்டுக்குப் பாண் வாங்கலாம் என்றார் இன்னொருவர். எடுத்த புத்தகத்தைத் தவணைக்குள் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனால் தண்டம் கட்ட வேண்டும் என்ற பயமும் இருந்தது. கணவனை இழந்த பெண் அடிக்கடி வெளிக்கிட்டுப் போனால் ஊர் கேட்கும் கேள்விகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அது எல்லோர் மனதிலும் இருந்தது.

இவற்றோடு அங்கத்துவப் படிவம் என்ற தடையும் உண்டு. பல இடங்களில், சபை எல்லைக்குள் சோலைவரி செலுத்தும் ஒருவர் பிணை நின்று கையொப்பமிட்டால்தான் புத்தகம் இரவல் பெறலாம். நாலைந்து தடவை இடம்பெயர்ந்து, இன்று உறவினரின் காணியில் கொட்டில் போட்டிருக்கும் பெண் யாரிடம் போய்ப் பிணை கேட்பாள்? கடன் பத்திரத்துக்குப் பிணை கேட்டே அலுத்துப் போனவள், ஒரு நாவலுக்காகவும் இன்னொருவர் வாசலில் நிற்கமாட்டாள்.

ஆகவே வாசகி நூலகத்துக்கு வரவில்லை என்றால் நூலகம்தான் அவளிடம் போக வேண்டும். இது புதிய எண்ணம் அல்ல. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறே ஒரு வீட்டில்தான் தொடங்கியது. 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். பெரிய கட்டடம் எழுந்தது அதற்குப் பல ஆண்டுகளின் பின்புதான். பிற்காலத்தில் சில சபைகள் நடமாடும் நூலகங்களையும் நடத்தின. வாகனத்துக்கு டீசலும் சாரதியும் வேண்டும். இன்று அவை இரண்டும் இல்லாமலேயே வாசகியின் படலை வரை போக நூலகத்துக்கு வழி இருக்கிறது. அது அவளுடைய கையில் உள்ள கைத்தொலைபேசி.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. நகையை அடைவு வைத்தாவது ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்த தாய்மார் அநேகர். பிள்ளைக்காக வாங்கிய போனில் தாயும் குரல் பதிவு கேட்கவும் அனுப்பவும் பழகிவிட்டாள். எழுதத் தயங்கும் பெண்கள் கூடப் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்புகிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புத்தகங்களின் விலை எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. நூலகத்தின் தேவை கூடியிருக்கும் காலத்தில், அதனோடு தொடர்பு கொள்ளும் கருவியும் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

ஆனால் பல நூலகங்களின் இணைய முயற்சி முகநூல் பக்கமொன்றைத் திறப்பதோடு நின்றுவிடுகிறது. அதில் வாசிப்பு மாதத்துப் பரிசளிப்புப் படங்கள், தவிசாளர் விளக்கேற்றும் படங்கள் இருக்கும். எந்தப் புத்தகம் புதிதாக வந்தது, நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டும் என்ற விபரத்தை அங்கே தேடிக் கண்டுபிடிப்பது கடினம். வாசகிக்கு வேண்டியது அந்த விபரம்தான்.

இதற்குச் செலவு அதிகமில்லை. வட்ஸ்அப் பிஸ்னஸ் என்று இலவசச் செயலி ஒன்று உண்டு. அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசி இலக்கத்தையே அதில் பதிவு செய்யலாம். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நூலகர்களில் பலரும் பெண்கள். தங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுத்தால் இரவு பத்து மணிக்கும் அழைப்பு வரும். அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போனால் தொடர்பும் அவர்களோடு போய்விடும். அலுவலக இலக்கமென்றால் இரண்டு தொல்லையும் இல்லை.

அடுத்தது, குழு அமைப்பது. இங்கே கவனம் தேவை. வட்ஸ்அப் குழுவொன்றில் எல்லோரையும் சேர்த்துவிட்டால், ஒவ்வொருவருடைய தொலைபேசி இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். தனித்து வாழும் பெண்ணின் இலக்கம் முன்பின் தெரியாத ஐம்பது பேரின் கையில் போவது என்ன பொருள் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிராமமொன்றில் இப்படிச் சேர்க்கப்பட்ட ஒரு பெண், இரவில் வந்த தவறான அழைப்புகளைத் தாங்காமல் சிம்மையே மாற்றினார். அதோடு அவர் தொழிலுக்குக் கொடுத்திருந்த இலக்கமும் போயிற்று.

இதற்கு மாற்றாக ‘புரோட்காஸ்ட் லிஸ்ட்’ என்று ஒரு வசதி அதே வட்ஸ்அப்பில் இருக்கிறது. நூலகம் ஒரு செய்தியை அனுப்பினால் அது பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும். யார் யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. பதில் எழுதினால் நூலகருக்கு மட்டும்தான் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒரு கிராமத்துக்கு இது தாராளம். ஆனால் நூலகத்தின் இலக்கத்தை நீங்கள் உங்கள் போனில் சேமித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி வராது. பெயரைக் கொடுத்தேன், ஒன்றுமே வரவில்லை என்று குறைப்படும் பெண்கள் முதலில் இதைப் பார்க்கவும்.

என்ன அனுப்பலாம்? கிழமைக்கு ஒரு குரல் பதிவு போதும். இந்தக் கிழமை வந்த புத்தகங்கள் இவை, இன்ன கதை இன்ன மாதிரி என்று நூலகர் ஒரு நிமிடம் பேசி அனுப்பலாம். காணொளியோடு ஒப்பிட்டால் குரல் பதிவுக்குப் போகும் டேட்டா மிகச் சொற்பம். கண்பார்வை மங்கிய அம்மாமாருக்கும் அது பயன்படும். ‘அந்தப் புத்தகத்தை எனக்கு எடுத்து வையுங்கோ’ என்று திரும்பச் சொன்னால், சந்தைக்குப் போகும் நாளில் பெற்றுக்கொள்ளலாம். தவணை நீடிப்பதற்கும் அதே வழியைப் பாவிக்கலாம். தண்டப் பயம் பாதி குறைந்துவிடும்.

வாசகி எடுக்கும் புத்தகத்தின் பெயரைச் செய்தியில் எழுதக் கூடாது என்பதும் என் கருத்து. எங்கள் வீடுகளில் ஒரு போனைப் பலர் பாவிக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றிய கைநூலை ஒரு பெண் கேட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘நீங்கள் கேட்ட வீட்டு வன்முறைச் சட்ட நூல் வந்துவிட்டது’ என்ற செய்தி அடிக்கின்ற கணவனின் கண்ணில் பட்டால் என்ன நடக்கும்? ‘நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது’ என்பதே போதும். யார் எதை வாசிக்கிறார்கள் என்பது அவரவர் சொந்த விடயம். எங்கள் பகுதிகளில், வீட்டுக்கு யார் வந்தார், ஏன் வந்தார் என்று கேட்கும் விசாரணைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை கூடுதலாக விளங்கும்.

பெரிய நூலகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கோஹா என்ற இலவச மென்பொருள் ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஒரு சிறிய பிரதேச நூலகத்துக்காக உருவாக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்தது. கோஹா என்பது அந்நாட்டு மாவோரி மக்களின் மொழியில் அன்பளிப்பைக் குறிக்கும் சொல். இப்போது உலகெங்கும் அதைப் பாவிக்கிறார்கள். நூல் விபரங்களைத் தமிழிலேயே பதியலாம். வீட்டிலிருந்தே ஒரு புத்தகம் இருக்கிறதா, இரவலில் போய்விட்டதா என்று பார்த்து ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். பட்டியலைக் கணினியில் ஏற்ற ஆளும் காலமும் வேண்டும் என்பதால் சிறிய நூலகங்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

முழுப் புத்தகத்தையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நூலகரைக் கேட்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு நூலின் உரிமை, எழுதியவரின் ஆயுட்காலமும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. எங்கள் எழுத்தாளர்கள் சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் அச்சிடுபவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் சட்டப்படியும் இலவசமாகவும் வாசிக்கக்கூடிய பெரும் களஞ்சியம் ஒன்று எங்களுக்கென்று இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறு பிரதி இல்லாதவையும் இருந்தன. அதன் பின் வந்த போரிலும் இடப்பெயர்வுகளிலும் வீட்டு அலுமாரிகள், பாடசாலை நூலகங்கள், வாசிகசாலைகள் என்று எத்தனையோ போயின. 2005ஆம் ஆண்டில் தன்னார்வ இளைஞர்கள் சிலர், கிடைக்கின்ற ஈழத்துத் தமிழ் எழுத்துக்களையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் சேர்க்கத் தொடங்கினார்கள். அதன் பெயரே ‘நூலகம்’ என்பதுதான். நூலகம் டொட் ஓர்க் என்பது முகவரி. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே சேர்ந்துள்ளன. அங்கத்துவம் இல்லை, பிணை இல்லை, தண்டம் இல்லை. பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ‘நிவேதினி’, மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் ‘பெண்’ போன்ற சஞ்சிகைகளின் பழைய இதழ்களும் உண்டு. எங்களுக்கு முந்திய பெண்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதை அவற்றில் வாசிக்கலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது பாடசாலை மலர்களையும் நினைவு மலர்களையும் பற்றி. அந்தியேட்டியன்று வெளியிடும் கல்வெட்டைத்தான் நினைவு மலர் என்கிறேன். அதில் இறந்தவரின் படம், ஊர், வம்சாவளி எல்லாம் இருக்கும். அப்போது அதை ஒரு சடங்காக எண்ணி ஒரு மூலையில் வைத்தோம். இன்று தாய் தகப்பனின் ஒரு படம் கூட இல்லாமல் இருக்கும் பெண்களை நான் சந்திக்கிறேன். 2009இல் கடைசியாகக் கையில் இருந்த பையையும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு அம்மா தன் தம்பியின் முகம் மறந்து போகிறது என்று சொன்னார். தம்பி படித்த பாடசாலையின் பெயரும், அவர் மாணவ தலைவராக இருந்த ஆண்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. நூலகக் கணினியில் நூலகர் அந்த ஆண்டின் மலரைத் தேடி எடுத்தார். மாணவ தலைவர்களின் குழுப்படத்தில் இரண்டாம் வரிசையில் தம்பி நின்றார். “அவன் சிரிக்கவே இல்லை, பாரும் பிள்ளை. படம் எடுக்கேக்க எப்பவும் இப்படித்தான்” என்றார் அந்த அம்மா. பிறகு கனநேரம் பேசவில்லை.

எல்லோருக்கும் இப்படிக் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்டவில்லை. பழைய மலர்கள் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டவை. ஆளின் பெயரைத் தட்டியவுடன் படம் வந்துவிடாது. பாடசாலையின் பெயர், ஆண்டு, ஊர், கோயில் என்று தெரிந்தவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கோப்புகள் பெரியவை, ஆகவே உங்கள் டேட்டாவைச் செலவழிக்காமல் பொது நூலகத்தின் கணினியில் பார்ப்பது நல்லது. தனியே போகாதீர்கள். கிடைத்தாலும் மனம் உடையும், கிடைக்காவிட்டாலும் உடையும். பக்கத்தில் ஒரு சிநேகிதி இருக்கட்டும்.

அந்தக் கணினி வேறு காரியத்துக்கும் உதவும். 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது மேன்முறையீடுகளை இணையத்தில் அனுப்பச் சொன்னார்கள். எத்தனை பெண்கள் கொமினிக்கேசன் கடையில் காசு கொடுத்து, பிழையாக நிரப்பிய படிவத்தோடு திரும்பி வந்தார்கள்! நூலகத்தில் கிழமைக்கு ஒரு பின்னேரம் இதற்கென்று ஒதுக்கலாம். படிவம் நிரப்ப வரும் பெண் போகும்போது ஒரு சஞ்சிகையையும் எடுத்துப் போவாள்.

இவற்றைச் செய்யச் சபையின் அனுமதி வேண்டும். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், பெண் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரே கேட்கலாம். நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நாலைந்து பெண்களாகச் சேர்ந்தால் குரல் இன்னும் எடுபடும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதற்குரிய நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் செப்டெம்பரிலேயே கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்: அலுவலக இலக்கத்தில் வட்ஸ்அப், பிணைக்குப் பதிலாகக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், படிவ உதவிக்கு ஒரு பின்னேரம். மூன்றில் ஒன்று கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் மற்றச் சகோதரிகளுக்கும் சொல்லலாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கல்வெட்டோ, பாடசாலை மலரோ, சங்கத்தின் ஆண்டறிக்கையோ தப்பிக் கிடந்தால் அதை நூலகரிடம் காட்டுங்கள். இணைய நூலகத்தில் சேர்க்க முடியுமா என்று அவர் விசாரித்துச் சொல்வார். அட்டை இல்லாவிட்டாலும், பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. கொடுக்கும்போது உங்கள் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எழுதி ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.