நகையை அடகு வைப்பதற்கு முன்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தின் ஏனைய ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள், காணியை விட்டு வந்தபோதும் பிள்ளைகளின் படிப்பை விடவில்லை. அக்குடும்பங்களின் பட்டதாரிகள் சிலர் இன்று அமெரிக்காவில் பட்டமேற்படிப்புக்கு முயல்கின்றனர். ஜீ.ஆர்.ஈ. என்னும் நுழைவுப் பரீட்சையின் கணிதப் பகுதிக்கு அஞ்சி, பெருந்தொகை கேட்கும் வகுப்புகளைத் தேடுகின்றனர். பெற்றோரும் எஞ்சிய நகையை அடகு வைக்க எண்ணுகின்றனர். இது அவசியந்தானா?

இப்பரீட்சையில் வருவது பல்கலைக்கழகக் கணிதம் அன்று. எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவுகளை விளங்கிக்கொள்ளல் ஆகிய நான்குமே கேட்கப்படும். நுண்கணிதம் இல்லை. 2023 செப்ரெம்பர் முதல் 27 வினாக்கள், 47 நிமிடம். கணினித் திரையில் கணிப்பானும் உண்டு. பெரும்பகுதி எமது பிள்ளைகள் சாதாரண தரத்திற்குப் படித்ததே.

ஓர் உதாரணம். வெங்காயம் கிலோ 200 ரூபா. விலை 25 வீதம் விழுந்து, பின் 25 வீதம் ஏறினால் பழைய விலை வருமா? வராது. 150க்கு இறங்கி, 187 ரூபா 50 சதத்தில் நிற்கும். தோட்டக்காரர் சந்தையில் அறிந்த இக்கணக்கில்தான் பட்டதாரிகளும் அவசரத்தில் தவறுகின்றனர்.

வன்னிவரை சென்று 2009இன் பின் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு ஆரம்ப வகுப்புகளே குழம்பிப்போயின. பின்னமும் விகிதமும் அங்கே விடுபட்டிருந்தால், அந்த இடத்திற்குத் திரும்பிச் சென்று படிப்பதில் வெட்கமில்லை. அடி பலமில்லாமல் மாதிரி வினாக்களின் விடைகளை மனனம் செய்வதால் பயனில்லை.

ஆகவே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நாம் கூறுவது இதுதான். முதலில், விரும்பும் பல்கலைக்கழகம் இப்பரீட்சையைக் கேட்கிறதா என விசாரியுங்கள். 2020இன் பின் பல துறைகள் அதனைக் கைவிட்டுள்ளன. கேட்கிறதாயின், பரீட்சையை நடத்தும் நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் இரு மாதிரிப் பரீட்சைகளில் ஒன்றை நேரம் பார்த்து எழுதுங்கள். தவறிய வினாக்களைப் பாடவாரியாகப் பிரித்து, 9ஆம் தரம் முதல் 11ஆம் தரம் வரையான பாடநூல்களை எடுத்துப் படியுங்கள். இரண்டாவதை இறுதிக்கென வையுங்கள். சனசமூக நிலையத்தில் நாலுபேர் கூடிப் படித்தால் ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்லிக்கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்தபின்னும் விளங்காத பகுதி இருந்தால், அதற்கு மட்டும் ஆசிரியரை நாடுங்கள். பரீட்சைக் கட்டணத்தையே டொலரில் கட்டவேண்டியிருக்கிறது. பாடநூலில் உள்ளதைப் படிக்க நகை அடகுக்குப் போக வேண்டாம்.