மறைநெருக்கம்: இல்லறத்தில் பெயரில்லாத ஒரு காயம்

அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள திருவள்ளுவர் சிலை 1991இலேயே ஆயத்தமாகியும் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. பெங்களூருத் தமிழர் அச்சிலையை மொழியுரிமையின் அடையாளமாகப் போற்றுவர். அதே வள்ளுவர் இணையரிடையே எழும் நுண்ணிய மனவலிக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கியிருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைய இணையர் பலர் பெயரிட இயலாமல் தவிக்கும் ஒரு சிக்கலை அவ்வதிகாரத்தின் துணைகொண்டு ஆராயலாம்.

உறுதிபூண்ட உறவில் இருக்கும் ஒருவர், உடல் தொடர்பு ஏதுமின்றி மூன்றாம் நபர் ஒருவரிடம் ஆழ்ந்த நெருக்கம் கொள்கிறார். அன்றாட மகிழ்ச்சியும் துயரமும் முதலில் அங்கே சென்று சேர்கின்றன. வீட்டிற்கு எஞ்சியதே வருகிறது. உளவியலார் இதனை 'எமோஷனல் அஃபேர்' என்பர். தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. நாளிதழ்களின் 'கள்ளத்தொடர்பு', 'கள்ளக்காதல்' ஆகிய சொற்களில் குற்றச்செய்தியின் வாடை வீசுகிறது. 'நட்பு' என்னும் சொல்லோ அனைத்தையும் போர்த்திவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சொல்லற்ற வெளியில்தான், "எங்களுக்குள் தவறாக எதுவும் நடக்கவில்லையே" என்னும் மறுமொழி எழுகிறது. அதைக் கேட்டுக் காயப்பட்டவர் வாயடைத்துப் போகிறார்.

சட்டமும் உடலையே அளவுகோலாகக் கொண்டுள்ளது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், துணையல்லாத ஒருவருடன் விரும்பிக் கொள்ளும் உடலுறவை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை, ஜோசப் ஷைன் வழக்கில் 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. மனைவியைக் கணவனின் உடைமைபோல் நடத்திய அப்பிரிவு ஒழிந்தது நன்றே. மனம் விலகியதைக் குற்றமாக்க எவரும் விரும்பார். ஆகவே அதனைப் பேசித் தீர்க்கும் பொறுப்பு இணையரையே சாரும். பேசுவதற்குச் சொல் வேண்டும்.

குறளின் 132ஆம் அதிகாரமான 'புலவி நுணுக்கம்' இங்கே துணைக்கு வருகிறது. தலைவன் தும்முகிறான், வாழ்த்திய தலைவி, மறுகணமே யாரை எண்ணித் தும்மினீர் என்று அழுகிறாள். அவன் தும்மலை அடக்கினால், தன்னிடம் எதையோ மறைப்பதாகக் கருதி அழுகிறாள். எவரினும் மிகுதியாகக் காதலிக்கிறோம் என்றால், எவரைக் காட்டிலும் என்று ஊடுகிறாள். அவள் தேடுவது உடலின் தடயத்தை அன்று; அவன் நினைவு செல்லும் திசையை. மனம் எங்கே இருக்கிறது என்னும் கேள்வியை இல்லறத்தின் இயல்பான கேள்வியாக ஏற்ற மரபு நம்முடையது.

ஆயினும் அத்தலைவியின் ஐயம் ஆதாரமற்றது என்பதையும் மறத்தலாகாது. ஊடல் விளையாட்டில் இனிக்கும் அவ்வையம், கைப்பேசிச் சோதனையாகவும் கடவுச்சொல் கேட்கும் அதிகாரமாகவும் மாறும்போது வன்முறையாகிறது. உடன் பணிபுரியும் ஆணுடன் பேசுவதே பிழையெனப் பெண்கள் கண்காணிக்கப்படும் சமூகத்தில், 'உணர்வுவழித் துரோகம்' போன்ற சொல் எளிதில் ஆயுதமாகிவிடும். நெருக்கத்தையே குற்றமாக்கும் பெயர் நமக்குத் தேவையில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ் 2003இல் வெளியிட்ட நூலில் ஓர் உவமை தருகிறார். நல்ல மண உறவில் இணையரிடையே சாளரமும், வெளியாருக்கு எதிரே சுவரும் இருக்கும். பிறழ்ந்த உறவில் இவை இடம் மாறிவிடும். இவ்வளவுகோல் மறைத்தலையே குறிவைக்கிறது. துணைக்குத் தெரிந்து வளரும் நட்பு இல்லறத்திற்கு வளமே. துணை அறையில் நுழைந்ததும் அழிக்கப்படும் குறுஞ்செய்தி வேறு வகை. எனவே இதனை 'மறைநெருக்கம்' எனலாம். பிழை நெருக்கத்தில் இல்லை, மறைப்பில் உள்ளது என்பதை அச்சொல்லே உணர்த்தும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் பொருந்தும்.

பெயர் கிடைத்தபின் மீளும் வழியும் துலங்கும். மறைத்தவர் முதலில் மறைப்பை நிறுத்தி, கேட்கப்படும் வினாக்களுக்குச் சலிப்பின்றி விடையளிக்க வேண்டும். ஊடியவரைத் தேற்றாமல் விடுவது வாடிய கொடியை வேரோடு அறுப்பது போன்றது என்கிறார் வள்ளுவர், "இதற்கா இவ்வளவு?" என்று கேட்பவர் அதைத்தான் செய்கிறார். காயப்பட்டவர் தம் ஐயத்தை நிலையான காவலாக நீட்டிக்காமல், தமக்கு வேண்டியது என்னவென்று சொல்லப் பழக வேண்டும். அந்த நெருக்கம் வெளியே தேடப்பட்டதன் காரணத்தையும் இருவரும் ஆராயலாம். காரணம் மறைப்புக்கு நியாயமாகாது. இருவராலும் இயலாதபோது மூன்றாமவர் உதவியை நாடுவதில் இழுக்கில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குடும்ப மனநலத்திற்கெனத் தனி மையமே உண்டு.

சேர்வதா பிரிவதா என்பது அவ்விருவரின் முடிவு. எதைப் பற்றிய முடிவு என்று தெரிந்து எடுப்பதற்கேனும், நடந்ததற்கு ஒரு பெயர் வேண்டும்.